சிகிச்சை தந்த அரசு மருத்துவமனைக்கு நிதி திரட்டிக் கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அரசு மருத்துவமனையில் படுத்து எழுந்து வந்தவர்கள் பலருக்கும் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும் ஓர் எண்ணம் வரும். "பைசா வாங்காமல் இவ்வளவு செய்தார்களே, நாமும் ஏதாவது செய்யணும்." உடனே பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போகும், ஜிபே எண் போகும், பணமும் வரத் தொடங்கும். என்ன வாங்குவது என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். வரிசை தலைகீழாவது இங்கேதான்.

நீங்கள் கொடுக்கிற எந்தப் பொருளும் மறுநாள் காலையிலிருந்து அந்த வார்டில் யாரோ ஒருவருடைய வேலை. அதைத் துடைக்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், கெட்டுப்போனால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அந்த ஆள் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு வசூலைத் தொடங்குங்கள். கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருவதுதான்.

இதைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். அறக்கட்டளையோ மிஷனோ நடத்தும் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு வேலை எளிது. அங்கே நன்கொடைக்கென்று தனி அலுவலகமே இருக்கும், நேராகப் போய்க் கேட்கலாம். லாபத்துக்கு நடக்கும் தனியார் மருத்துவமனைக்கு ஊரில் வசூல் செய்து கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே பில் கட்ட வழியில்லாமல் நிற்கும் நோயாளிக்கு உதவுங்கள், அது வேறு விஷயம்.

முதலில் உங்கள் உடம்பு

டிஸ்சார்ஜ் ஆன சூட்டோடு தொடங்க வேண்டாம். அலைச்சல், ஃபோன், கணக்கு, கேள்விகளுக்குப் பதில் என்று இந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை இன்னும் நடந்துகொண்டிருந்தால், குறிப்பாக கீமோதெரபி போன்ற நீண்ட சிகிச்சையில் இருந்தால், அலைச்சலுக்கு வேறு ஒருவரை வைத்துக்கொண்டு நீங்கள் பேசும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எப்படியும் தனியாகச் செய்யக் கூடாது. குறைந்தது மூன்று பேர் வேண்டும். கணக்கு எழுத ஒருவர் (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது), மருத்துவமனைக்கும் கடைக்கும் அலைய ஒருவர், மக்களிடம் பேச ஒருவர். மூன்று பேரும் ஒரே குடும்பமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போய்ப் பேசுவது

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே 'ஜி.ஹெச்.'தான். உள்ளே மூன்று தனித்தனி இயக்குநரகங்கள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழ் வரும். தாலுகா மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் கீழ், மாவட்ட அளவில் இணை இயக்குநரின் பொறுப்பில் இருக்கும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வரும், அங்கே டீன்தான் தலைமை.

ஆனால் முதல் நாளே டீன் அறை வாசலில் போய் உட்கார வேண்டியதில்லை. பெரிய மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ., அதாவது நிலைய மருத்துவ அலுவலர், இந்த மாதிரி காரியங்களுக்குச் சரியான ஆள். கட்டில், தண்ணீர், துப்புரவு, மின்சாரம் எல்லாம் அவர் கண்ணில்தான் படும். தாலுகா மருத்துவமனையில் தலைமை மருத்துவ அலுவலரையும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வட்டார மருத்துவ அலுவலரையும் பாருங்கள். காலை ஓ.பி. நேரத்தில் போகாதீர்கள். கூட்டம் கரைந்த பிறகு போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

கூடவே நோயாளர் நலச் சங்கம் பற்றி விசாரியுங்கள். தேசிய நலவாழ்வுத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் இப்படி ஒரு பதிவு பெற்ற சங்கம் இருக்கும், அதற்கென்று வங்கிக் கணக்கும் இருக்கும். மருத்துவமனையின் சின்னச் சின்ன உடனடித் தேவைகளுக்கு அந்தப் பணத்தைச் செலவு செய்வார்கள். வெளியார் நன்கொடையை முறைப்படி வாங்கிக்கொள்ள மருத்துவமனைக்கு இருக்கும் வாசல் பெரும்பாலும் இதுதான். இதன் பெயரையே கேள்விப்படாமல் வசூலை முடித்துவிட்டவர்கள் நிறைய.

என்ன தேவை என்று கேட்பது

அதிகாரியிடம் கேட்டால் ஒரு பதில் வரும். வார்டு சிஸ்டரிடம் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டும் வேண்டும், ஆனால் என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம் பயன்படுகிறது. "ஸ்கேன் மெஷின் கொடுத்தால் நன்றாக இருக்கும்" என்று மேலே சொல்வார்கள். "ஸ்ட்ரெச்சரில் பக்கக் கம்பி உடைந்திருக்கிறது, வீல்சேர் இரண்டுக்குக் கால் வைக்கும் தட்டு இல்லை" என்று சிஸ்டர் சொல்வார். ஆர்.எம்.ஓ.விடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நீங்கள் படுத்திருந்த வார்டின் சிஸ்டரிடமும் உதவியாளர்களிடமும் ஒரு சாயங்காலம் பேசிப் பாருங்கள். இரவில் கூட இருப்பவர்கள் எங்கே படுக்கிறார்கள், குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நோயாளியாக இருந்தவருக்கு மட்டும் கிடைக்கிற அறிவு அது.

இயந்திரம் என்றவுடன் மனம் பெரிதாகப் போகும். ஒரு டயாலிசிஸ் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு முறை டயாலிசிஸ் செய்ய சுமார் நான்கு மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் டயாலிசிஸ் திரவம் ஓடும், அதாவது ஒரு அமர்வுக்கே 120 லிட்டர். அத்தனையும் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த தண்ணீரிலிருந்து வர வேண்டும். சாதாரண வீட்டு ஆர்.ஓ. இதற்கு ஆகாது. தனிப் பிளான்ட், குழாய், வடிகால், ஜெனரேட்டர் இணைப்பு, பயிற்சி பெற்ற டெக்னீஷியன் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஏற்கெனவே டயாலிசிஸ் பிரிவு ஓடிக்கொண்டிருந்து, பிளான்டில் கொள்ளளவு மிச்சம் இருந்து, ஆளும் இருந்தால் ஒரு மெஷின் கூடுதலாகக் கொடுப்பது பெரிய உதவி. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது பிளாஸ்டிக் உறையோடு மூலையில் நிற்கும்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஊர் ஊராக ஆக்சிஜன் செறிவூட்டிகள் வாங்கிக் கொடுத்தோம். அந்த நேரத்துக்கு அது சரி. ஆனால் அந்தக் கருவிக்குள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் ஜியோலைட் என்ற பொருள் இருக்கிறது. பயன்படுத்தாமல் ஈரக்காற்றில் வைத்திருந்தால் அதன் திறன் குறையும். வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யவும் வேண்டும். ஆகவே கருவியைப் பற்றிப் பேசும்போது இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்: இதை யார் இயக்குவார்? தினமும் இதற்குள் போகிற பொருள் எது, அதை மருத்துவமனை எங்கிருந்து வாங்கும்? சில நிறுவனங்களின் இன்ஃப்யூஷன் பம்புக்கு (ரத்த நாளத்துக்குள் மருந்தை அளவாகச் செலுத்தும் கருவி) அதே நிறுவனத்தின் டியூப் செட் மட்டும்தான் பொருந்தும். பம்ப் இலவசமாக வந்துவிடும், டியூப் தீர்ந்ததும் பம்ப் நின்றுவிடும். உங்கள் ஊருக்கு சர்வீஸ் ஆள் வருவாரா, அல்லது சென்னையிலிருந்துதான் வர வேண்டுமா? அந்தப் பிளக் பாயின்ட்டில் அந்தக் கருவி ஓடுமா?

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது, கரண்டும் டெக்னீஷியனும் கேட்காத பொருளாகப் பாருங்கள் என்பதுதான். வீல்சேர், ஸ்ட்ரெச்சர், ரெக்சின் உறை போட்ட மெத்தை, சலைன் ஸ்டாண்ட், கட்டில் பக்கத்து லாக்கர், காத்திருக்கும் இடத்துக்கு ஸ்டீல் நாற்காலி வரிசை. வீல்சேரில் காற்றடிக்கிற டயர் வேண்டாம், கெட்டி ரப்பர் டயர் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் பஞ்சர் ஒட்ட யாரும் இல்லை. மெத்தை என்றால் தையல் வழியாக ஈரம் இறங்காத, கிருமிநாசினி போட்டுத் துடைக்கக்கூடிய உறை வேண்டும். குடிதண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் எல்லோருக்கும் பிடித்த நன்கொடை. ஆனால் ஃபில்டர் மாற்றும் செலவை யார் ஏற்பது என்பது எழுத்தில் இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்து மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து, 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக மொத்தமாக வாங்கி, தரம் பார்த்து வருகிறது. வீட்டில் மிஞ்சிய மாத்திரைக்கு அங்கே இடமே இல்லை. பழைய துணி, ஒருவர் பயன்படுத்திய மருத்துவக் கருவி, ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த பேர் தெரியாத பி.பி. கருவி இவையும் வேண்டாம். மருத்துவக் கருவி எதுவானாலும் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி உரிமம் பெற்றதா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சை செய்த டாக்டருக்கோ நர்ஸுக்கோ பணமோ மோதிரமோ கொடுப்பது நன்றி ஆகாது. அவர்களுக்கு அது வேலைக்கே வம்பு. அவர்கள் பெயரைக் குறிப்பிட்டு ஒரு நன்றிக் கடிதம் எழுதி, மேலதிகாரிக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

"அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்யணும்?"

வசூலுக்குப் போனால் பத்துப் பேரில் ஒருவராவது இதைக் கேட்பார். நியாயமான கேள்வி, கோபப்படாதீர்கள். என் பதில் இது: டாக்டர் பணியிடம், மருந்து, ஆம்புலன்ஸ், பெரிய கட்டடம் இவை அரசின் கடமை, இவற்றுக்கு வசூல் செய்யக் கூடாது. டாக்டர் இல்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். உண்டியல் ஏந்துவது அந்தக் குறையை மூடி மறைக்கும். நாம் கொடுப்பது அதற்கு மேல், நோயாளிக்குக் கொஞ்சம் சௌகரியம் கூட்டுவதற்காக.

பொதுமக்கள் பணத்தில் மருத்துவமனை எழுவது நமக்குப் புதிதும் இல்லை. சென்னை ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்வது ராஜா சர் ராமசாமி முதலியார் என்ற கொடையாளியின் பெயரைத்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் இந்திய மாதர் சங்கத்தோடு சேர்ந்து நிதி திரட்டித்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார். 1952இல் அடிக்கல் நாட்டி, 1954இல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கினார்கள்.

எழுத்தில் சம்மதம்

வாய்ப்பேச்சு முடிந்ததும், ஒரு ரூபாய்கூட வாங்குவதற்கு முன், கடிதம் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் தங்கள் மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவன். நன்றியின் அடையாளமாக, நண்பர்களிடமும் ஊர் மக்களிடமும் நிதி திரட்டி, அந்தப் பிரிவுக்குப் பத்து சக்கர நாற்காலிகள் வாங்கித் தர விரும்புகிறோம். இவை தேவைதானா, எந்த அளவு, எந்த வகை என்பதைத் தெரிவித்து, பெற்றுக்கொள்ள இசைவு தருமாறு வேண்டுகிறேன். பொருட்கள் மருத்துவமனையின் பெயரில் பில் போடப்பட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டும் என்பதே எங்கள் ஒரே வேண்டுகோள்."

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வாருங்கள். பதில் கடிதம் வர நாளாகலாம். வரும் வரை காத்திருங்கள். அந்தப் பதில்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும், "உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று ஒருவர் கேட்கும்போது எடுத்துக் காட்ட வேறு எதுவும் இருக்காது.

பெயர்ப் பலகை பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு 'உபயம்' எழுதும் பழக்கம் நம்முடையது. வீல்சேர் முதுகில் அப்பா பெயர், தாத்தா பெயர், கடை பெயர் என்று எழுதத் தொடங்கினால் உட்காருபவருக்குக் கூச்சம். சின்னதாக ஒரே ஒரு வரி, அதுவும் மருத்துவமனை ஒப்புக்கொண்டால்.

பணம் எந்த வழியாகப் போக வேண்டும்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் முளைக்கின்றன.

உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் வசூலிக்காதீர்கள். நம்பிக்கைப் பிரச்சினையை விடுங்கள், வரிப் பிரச்சினையே இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்குக்கு இலவசமாக வந்தால், அந்த முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படலாம். "எல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான் கொடுத்தேன்" என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். திடீரென்று நூறு பேரிடமிருந்து பணம் வந்தால் வங்கியும் கேள்வி கேட்கும், கணக்கை நிறுத்தியும் வைக்கலாம்.

மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, நோயாளர் நலச் சங்கத்தின் கணக்குக்கு நன்கொடையாளர்களே நேராகப் பணம் அனுப்புவது. ரசீது அங்கிருந்தே வரும், உங்கள் கை படாது. இதில் ஒரு சங்கடம் உண்டு. பணம் உள்ளே போன பிறகு எதற்குச் செலவு செய்வது என்பது சங்கத்தின் முடிவு. ஆகவே எந்த நோக்கத்துக்காக என்பது சம்மதக் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஏற்கெனவே பதிவு பெற்று, பல வருடமாகக் கணக்குத் தணிக்கை செய்துவரும் ஓர் அறக்கட்டளையைச் சேர்த்துக்கொள்வது. உள்ளூர் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் அறக்கட்டளைகள் இப்படிப்பட்ட காரியங்களுக்கு முன்வருவதுண்டு. எல்லோரும் 80ஜி என்று சொல்லும் வருமான வரிச் சலுகை அவர்களுக்கு இருந்தால் பெரிய தொகை கொடுப்பவர்களுக்கு அது உதவும். ஆனால் சலுகையைப் பற்றி வாக்குக் கொடுக்கும் முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. சலுகை கேட்பவரின் பான் எண்ணை அறக்கட்டளை வாங்கி வைக்க வேண்டும், நிதியாண்டு முடிந்ததும் முறைப்படி சான்றிதழ் தர வேண்டும்.

மூன்றாவது வழி சின்ன வசூலுக்கு மிக எளிது. பத்து வீல்சேர் என்றால், ஒவ்வொரு குடும்பமும் ஒரு வீல்சேருக்கான பணத்தை விற்பனையாளருக்கே நேராக அனுப்பிவிடுவது. பில் மருத்துவமனையின் பெயரில் வரும். நடுவில் யார் கையிலும் பணம் நிற்காது. வரிச் சலுகை மட்டும் இராது. லட்ச ரூபாய்க்குள் முடிகிற காரியம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் நிச்சயம் கேட்பார்கள், "நானும் அனுப்பட்டுமா?" என்று. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை என்று கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது) கையில் இருந்தாலும், அது 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அந்தச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு மட்டும்தான், அதுவும் புதுடெல்லி ஸ்டேட் வங்கியின் தலைமைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் அதை வாங்கலாம். "அண்ணன்தானே அனுப்புகிறான்" என்று உங்கள் அறக்கட்டளையின் சாதாரணக் கணக்கில் வாங்கிப்போட்டால் அந்த அறக்கட்டளைக்கே சிக்கல்.

எவ்வளவு என்று முடிவு செய்வது

மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள், மூன்றும் ஒரே மாடலுக்கு. பொருளின் விலையோடு நின்றுவிடாமல் ஜி.எஸ்.டி., வண்டி வாடகை, பொருத்தும் கூலி, உதிரி பாகம், உத்தரவாதம் முடிந்த பின் இரண்டு மூன்று வருடப் பராமரிப்பு ஆகியவற்றையும் கூட்டுங்கள். பேச்சுக்கு ஒரு வீல்சேர் 9,000 ரூபாய் என்று வைத்தால், பத்துக்கு 90,000. வண்டிக்கு 3,000, உதிரி டயர், பிரேக், கால்தட்டுக்கு 7,000 சேர்த்தால் ஒரு லட்சம். மக்களிடம் சொல்ல வேண்டிய தொகை அந்த ஒரு லட்சம்தான்.

தொகை குறைந்தால் என்ன செய்வோம், மிஞ்சினால் என்ன செய்வோம் என்பதை முன்னாலேயே அறிவித்துவிடுங்கள். "குறைந்தால் எண்ணிக்கையைக் குறைப்போம், மிஞ்சினால் நோயாளர் நலச் சங்கத்துக்குக் கொடுப்போம்." ஒரு வரி போதும், பல மாத மனத்தாங்கல் மிச்சம்.

கேட்பது

செய்தி சின்னதாக இருக்கட்டும். உங்களுக்கு என்ன ஆனது, எங்கே சிகிச்சை, என்ன வாங்கப்போகிறோம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படி அனுப்புவது. மாதிரிக்கு:

"நண்பர்களே, போன வருடம் விபத்தில் கால் முறிந்து நம் ஊர் ஜி.ஹெச்.சில் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது நன்றாக நடக்கிறேன். அந்த வார்டுக்கு வீல்சேர் பற்றாக்குறை. மருத்துவமனையின் எழுத்துப்பூர்வ இசைவோடு பத்து வீல்சேர் வாங்கித் தர இருக்கிறோம், மொத்தம் ஒரு லட்சம். முடிந்தவர்கள் கீழே உள்ள கணக்குக்கு நேராக அனுப்பலாம். என் கையில் யாரும் பணம் தர வேண்டாம். ஞாயிறுதோறும் வரவு செலவு இங்கேயே போடுகிறேன். முடியாதவர்கள் சங்கடப்பட வேண்டாம், இதை இன்னொருவருக்கு அனுப்பினாலே உதவிதான்."

இதோடு சம்மதக் கடிதத்தின் படத்தை வையுங்கள். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் இவற்றைப் போடாதீர்கள். வார்டில் எடுத்த படத்தில் வேறு நோயாளி தெரிந்தால் அதையும் போடக் கூடாது. மருத்துவமனைக்குள் படம் எடுப்பதென்றாலே அனுமதி வேண்டும். பரிதாபத்தைக் கூட்டி எழுதுவதும் வேண்டாம். "அங்கே ஒன்றுமே இல்லை" என்று எழுதினால் அடுத்த நாள் ஆர்.எம்.ஓ.வுக்கு மேலிடத்திலிருந்து ஃபோன் வரும், உங்கள் சம்மதக் கடிதம் அப்படியே நின்றுபோகும்.

வார்டில் படுத்திருப்பவர்களிடமும் அவர்கள் கூட வந்தவர்களிடமும் கேட்கவே கூடாது. பணம் கொடுத்தால்தான் கவனிப்பார்கள் போல என்று அவர்கள் நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

எங்கெல்லாம் திரட்டலாம்

பள்ளித் தோழர் குழுக்கள்தான் முதல் ஊற்று. அடுத்தது வீட்டு விசேஷங்கள். பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம், அப்பா அம்மா நினைவு நாள் இவற்றில் ஒரு பகுதிச் செலவை இதற்குத் திருப்பச் சொன்னால் பலர் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில், விருந்து வைத்து மொய்ப் பணம் திரட்டும் மொய் விருந்து நடக்கும். அந்த வட்டாரத்துக்காரர் என்றால் இந்த முறையையே பயன்படுத்தலாம். விருந்து சிறிதாக, டீயும் வடையுமாகக்கூட இருக்கலாம். ஆனால் அங்கே மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். நோட்டில் எழுதிவைத்து வருடங்கள் கழித்தும் கேட்பார்கள். அதனால் அழைப்பிதழிலேயே "இந்த மொய் மருத்துவமனைக்கு, திரும்பச் செய்யப்படாது" என்று அச்சடித்துவிடுங்கள்.

குலுக்கல் சீட்டு விற்று டி.வி. பரிசு கொடுக்கலாம் என்று ஓர் இளைஞர் கண்டிப்பாக யோசனை சொல்வார். வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்கு என்றாலும் போலீஸ் ஸ்டேஷனில் விளக்கம் சொல்ல வேண்டி வரும். நடைப் பயணம், மாரத்தான் என்று சாலையில் இறங்குவதற்கும் காவல்துறை அனுமதி வேண்டும்.

கடைகளில் உண்டியல் வைப்பதாக இருந்தால் சீல் வைத்து, எண் போட்டு, இரண்டு பேர் முன்னிலையில் கடைக்காரரை வைத்துக்கொண்டே திறந்து எண்ணுங்கள். மிலாப், கீட்டோ போன்ற இணைய நிதி திரட்டும் தளங்கள் தெரியாதவர்களிடமும் போய்ச் சேர உதவும். தொடங்கும் முன் எவ்வளவு கழித்துக்கொள்வார்கள், நன்கொடையாளரிடம் தனியாக 'டிப்' கேட்பார்களா, பணம் யார் கணக்குக்குப் போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கு இவை தேவையே இல்லை.

தொகை பெரிது என்றால் பக்கத்துத் தொழிற்சாலையைப் பாருங்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அவர்கள் தனி ஆளுக்குத் தர மாட்டார்கள், பதிவு பெற்ற அமைப்பு வழியாகத்தான் பேச முடியும்.

கணக்கு

கூகுள் ஷீட் ஒன்று போதும். தேதி, ரசீது எண், தொகை, வழி. பெயர் போட விரும்பாதவருக்கு 'நலம்விரும்பி'. எல்லோரும் பார்க்கலாம், ஒருவர் மட்டும் திருத்தலாம். ரொக்கம் வந்தால் வரிசை எண் அச்சடித்த ரசீதுப் புத்தகம் கட்டாயம், கிழித்த தாளின் அடிக்கட்டை நம்மிடம் இருக்க வேண்டும். உங்கள் ஆட்டோச் செலவை வசூலிலிருந்து எடுப்பதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

வாங்குவதும் ஒப்படைப்பதும்

பில் மருத்துவமனைத் தலைவரின் பதவிப் பெயரில் இருக்கட்டும், உத்தரவாத அட்டையும் அப்படியே. பொருள் வந்து இறங்கும்போது நீங்களும் ஸ்டோர் பொறுப்பாளரும் சேர்ந்து பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு வீல்சேரிலும் யாராவது உட்கார்ந்து, பிரேக் போட்டு, உருட்டிப் பார்க்க வேண்டும். பழுதானதைத் திருப்பிவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி, அந்தப் பக்க எண்ணோடு பெற்றுக்கொண்டதற்கான கடிதம் வாங்குங்கள். இது விழாவைவிட முக்கியம். ரெஜிஸ்டரில் ஏறாத பொருள் மருத்துவமனையின் கணக்கிலேயே வராது. அது வேறு வார்டுக்குப் போனாலும், வெளியே போனாலும் யாரும் கேட்க முடியாது.

விழா வைப்பதாக இருந்தால் மதியத்துக்கு மேல், அரை மணி நேரம். வார்டுக்குள் மாலை, மைக், பட்டாசு கூடாது. தேர்தல் அறிவிப்பு வந்திருந்தால் அரசியல் பிரமுகர்களை அழைக்காதீர்கள், நடத்தை விதிகள் அமலில் இருக்கும். கொஞ்சம் பெரிய கருவியாக இருந்தால், போட்டோ எடுக்கும் நாளிலேயே கம்பெனி ஆளை வரவழைத்து மூன்று ஷிஃப்ட் நர்ஸுகளுக்கும் பயிற்சி கொடுக்கச் செய்யுங்கள். ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனால் இரவில் அதை யாரும் தொட மாட்டார்கள்.

பில், பெற்றுக்கொண்ட கடிதம், வங்கி விவரம் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரே வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் அதேதான்.

அதன் பிறகு

மூன்று மாதம் கழித்து, செக்கப்புக்குப் போகிற நாளில், வார்டு பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். கணக்கெடுக்க வந்த அதிகாரி மாதிரி கேட்க வேண்டாம். "சிஸ்டர், எல்லாம் ஓடுதா?" என்று கேட்டால் போதும். கால்தட்டு போயிருந்தால் எடுத்துவைத்த உதிரி பாகத்தைக் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். ஏதோ ஒன்று பயன்படாமலே இருந்தால் ஏன் என்று விசாரித்து, வேறு வார்டுக்கு மாற்றலாமா என்று ஆர்.எம்.ஓ.விடம் பேசுங்கள். கொடுத்தது இனி அவர்களுடையது, பிடிவாதம் கூடாது.

அரசு வேலையில் இடமாற்றம் சகஜம். நீங்கள் பேசிய ஆர்.எம்.ஓ. அடுத்த வருடம் வேறு மாவட்டத்தில் இருப்பார். வார்டு சிஸ்டரும் மாறியிருப்பார். புதிதாக வருபவருக்கு அந்த வீல்சேர்கள் எங்கிருந்து வந்தன, பராமரிப்புக்கு யாரைக் கூப்பிடுவது என்பது தெரிய வழியில்லை. எனவே சம்மதக் கடிதம், ரெஜிஸ்டர் பக்கத்தின் நகல், உத்தரவாத அட்டை, சர்வீஸ் ஆளின் எண், உங்கள் குழுவில் ஒருவரின் எண் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, ஆர்.எம்.ஓ. அலுவலகத்தில் ஒன்றும் வார்டில் ஒன்றும் வைத்துவிடுங்கள். புது ஆர்.எம்.ஓ. பொறுப்பேற்றார் என்று கேள்விப்பட்டால், அதே ஃபைலின் மூன்றாவது பிரதியோடு போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.